சமாளிச்சு ஓடினது காணும்: ஒரு பழைய ஜீப் எஞ்சினை முன்வைத்து

யாழ்ப்பாணத்தில் பழைய வாகனங்களைப் பற்றிக் கதை எழும்பினால் ஐந்து நிமிசம் தாண்டாது, யாராவது ஒருவர் மண்ணெண்ணெய்க் கதைக்கு வந்துவிடுவார். 1990இல் தொடங்கின பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, பற்றறி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. சின்னப் போத்தலில் பத்திரப்படுத்தின பெற்றோலில் நாலு துளியை விட்டு எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்தி, கண் எரியிற புகையோடு ஓடித்திரிந்த மொறிஸ் மைனர்களும் ஏ-40களும். கதை முடியும்போது ஒரு வசனம் கட்டாயம் வரும்: "எங்கட ஆக்கள் எதையும் சமாளிச்சு ஓடப்பண்ணுவாங்கள்."

கதை உண்மை. அதில் எனக்கு மறுப்பில்லை. அந்தக் கடைசி வசனத்தோடுதான் சண்டை. 1993இல் அது ஒரு சனத்தின் பிடிவாதத்துக்குக் கிடைத்த பாராட்டு. இன்றைக்கு அது அரைகுறையாகச் செய்த ஒவ்வொரு எஞ்சினுக்கும் கிடைக்கிற மன்னிப்பு. அளக்காமல் றிங் போட்டவருக்கும் அந்த வசனம்தான், கையால் இறுக்கிக் "காணும்" என்றவருக்கும் அந்த வசனம்தான், ஆறு மாதத்தில் திரும்பவும் புகைக்கிற வாகனத்தை "பழசுதானே" என்று ஏற்றுக்கொள்கிற சொந்தக்காரருக்கும் அதே வசனம்தான். சமாளிப்பு ஒரு திறமை, ஓம். ஆனால் சமாளிப்பைப் பராமரிப்பு என்று நம்பத் தொடங்கின நாளிலிருந்து நாங்கள் நல்ல எஞ்சின்களைக் கொன்றுகொண்டிருக்கிறோம்.

பொதுவாகச் சொன்னால் பிடிபடாது என்பதால் ஒரு வாகனத்தையே எடுத்துக்கொள்வோம். லான்ட்ரோவர். நாங்கள் அதையும் ஜீப் என்றுதான் சொல்லுறம், நாலு சில்லும் இழுத்தால் எல்லாம் ஜீப்தான். 1948இல் இங்கிலாந்தில் விவசாயிகளை மனதில் வைத்து இறக்கின வண்டி. போர் முடிந்து இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு இருந்த காலம், அதனால் உடம்பு அலுமினியக் கலவையில் வந்தது. 1961இலிருந்து அதற்குள் வந்த 2286 சீசீ டீசல் எஞ்சின் இரண்டு தசாப்தத்துக்கு மேல் பெரிய மாற்றமில்லாமல் ஓடியது. நாலு சிலிண்டர், 90.47 மில்லிமீற்றர் துளை, 88.9 மில்லிமீற்றர் ஓட்டம். 1980வரை கிராங்குக்கு மூன்று மெயின் பேரிங், அதன்பிறகு ஐந்து.

இந்த எண்களை ஏன் சொல்கிறேன்? இந்த எஞ்சினைச் செய்தவர்கள் அது தேயும் என்று தெரிந்தே செய்தார்கள். தேய்ந்தால் எப்படித் திரும்பப் பிறப்பிக்கிறது என்பதையும் சேர்த்தே செய்தார்கள். துளை தேய்ந்தால் பெருப்பித்துக் கடைந்து, 0.020 அங்குலம், 0.040 அங்குலம் பெரிதான பிஸ்டன் போடலாம். அதற்கு மேலே போனால் ஸ்லீவ் அடித்துப் பழைய அளவுக்கே கொண்டுவரலாம். கிராங்க் தேய்ந்தால் 0.010இலிருந்து 0.040 அங்குலம்வரை படிப்படியாக அரைத்து, அந்தந்த அளவுக்கேற்ற பேரிங் போடலாம். ஆக ஒரு எஞ்சினுக்குள் மூன்று நாலு ஆயுள் இருக்கிறது. எத்தனையாவது ஆயுளில் நிற்கிறோம் என்று தெரியவேண்டும் என்றால் அளக்கவேண்டும். அளக்கிறவன் அந்த ஆயுள்களை ஒவ்வொன்றாகச் செலவழிக்கிறான். அளக்காதவன் எல்லாவற்றையும் ஒரே தரத்தில் தின்றுவிடுகிறான்.

இனி எங்கட ஊரில் நடக்கிறதைப் பாருங்கோ. ஜீப் புகைக்குது. கராஜுக்குப் போகுது. எட்டிப் பார்த்தவுடனே தீர்ப்பு: "றிங் போயிட்டுது அண்ணை, றிங் போடுவம்." என்ன நிறப் புகை என்று யாரும் கேட்பதில்லை. நீலமா வந்தால் ஒயில் எரியுது. கறுப்பா வந்தால் டீசல் கூட, அல்லது காத்து காணாது. பம்பையும் நொசிலையும் எயார் கிளீனரையும் பார்க்காமல் எஞ்சினைத் திறப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காவிட்டால் தண்ணி உள்ளே போகுதா என்று பார்க்கவேண்டும். ஓடுகிற எஞ்சினில் ஒயில் ஊற்றுகிற மூடியைக் கழட்டினால் குபுகுபு என்று ஊதுதா, சூட்டில் ஒயில் அழுத்தம் எவ்வளவு, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொம்பிரஷன் எவ்வளவு? இதெல்லாம் ஸ்பனர் எடுக்க முதல் கிடைக்கிற பதில்கள். பெற்றோல் எஞ்சின் என்றால் இன்னும் லேசு: கொம்பிரஷன் குறைந்த சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அளந்து பார்க்கலாம். கூடினால் றிங், கூடாவிட்டால் வால்வு அல்லது காஸ்கற். அரை மணித்தியால வேலை. அந்த அரை மணித்தியாலத்துக்கு மினக்கெடாமல் மூன்று நாள் எஞ்சினைக் கழட்டுகிறோம்.

கழட்டின பிறகாவது அளக்கிறோமா? சிலிண்டர் ஒருநாளும் வட்டமாகத் தேயாது. பிஸ்டன் இரண்டு பக்கச் சுவரைத்தான் கூட அழுத்தும், அதனால் துளை முட்டை வடிவமாகப் போகும். மேல் றிங் திரும்புகிற இடத்தில்தான் சூடும் அழுத்தமும் கூட, ஒயில் குறைவு. ஆகவே மேலே கூடத் தேயும், கீழே குறையத் தேயும். றிங் எட்டாத ஆக மேல் விளிம்பில் தேயாத ஒரு வரம்பு மிஞ்சும், விரலால் தடவினால் நகத்தில் தட்டும். மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் இரண்டு திசையில், நாலு சிலிண்டரிலும் அளந்தால் 24 எண் வரும். அந்த 24 எண்தான் எஞ்சினின் உண்மையான வயது. மீற்றரில் இருக்கிற கிலோமீற்றர் ஒரு கதை, அவ்வளவுதான்.

முட்டை வடிவமாகப் போன துளைக்குள் வட்டமான புது றிங்கைப் போட்டால் என்ன நடக்கும்? சுவரில் முழுதாக ஒட்டாது. கண்ணாடி மாதிரி மினுங்குகிற பழைய சுவரில் புது றிங் படியவும் மாட்டாது. அந்த மேல் வரம்பை எடுக்காமல் விட்டிருந்தால் புது றிங்கின் கூர் விளிம்பு அதில் போய் மோதும், றிங் உடையும், சிலவேளை பிஸ்டனின் பள்ளமும் உடையும். முதல் ஒரு மாதம் புகை குறையும், சொந்தக்காரருக்குச் சந்தோசம். பிறகு பழையபடி. "அண்ணை, சாமான் சரியில்லை, இப்ப வாறதெல்லாம் டுப்ளிகேற்." சாமானும் சிலவேளை சரியில்லைதான். ஆனால் அளக்காதவனுக்கு அதைச் சொல்ல உரிமை இல்லை. தராசு இல்லாத கடைக்காரன் அரிசி குறையுது என்று முறையிடுகிற கதை இது.

கீழ்ப் பக்கம் இதைவிட மோசம். கிராங்குக்கும் பேரிங்குக்கும் இடையில் இருக்கவேண்டிய இடைவெளி 0.05 மில்லிமீற்றர் அளவுதான், ஒரு தலைமயிரின் தடிப்புக்குக் கிட்ட. அந்த இடைவெளிக்குள் நிற்கிற ஒயில் படலத்தில்தான் முழு எஞ்சினும் மிதக்கிறது. கூடினால் அழுத்தம் விழும், குறைந்தால் பிடிக்கும். இதைக் கண்ணால் பார்க்கேலாது, கையால் ஆட்டிப் பார்த்துச் சொல்லவும் ஏலாது. மைக்ரோமீற்றர் வேணும், இல்லாவிட்டால் நசிந்த அகலத்தை வைத்து இடைவெளி சொல்கிற பிளாஸ்ரிக் நூலாவது வேணும். அதோடு, அரைத்த கிராங்கின் ஒயில் துளைகளுக்குள் அரைத்தூள் நிற்கும். துளைகளைத் துப்புரவாகக் கழுவாமல் பூட்டினால், புதுப் பேரிங்கை முதல் ஐந்து நிமிசத்திலேயே நாங்களே அரைத்துவிடுகிறோம். மெயின் பேரிங் மூடிகள் அந்தந்த இடத்துக்கே கடைந்தவை. இடம் மாறிப் பூட்டினால் கிராங்க் நேராக ஓடாது. எவ்வளவு காசுச் சாமான் போட்டாலும் இந்த மூன்றில் ஒன்று பிழைத்தால் அந்தக் காசு புகையாகப் போகும்.

மேலே வந்தால் ஹெட். நேர்விளிம்பு ஒன்றை வைத்து வளைவு இருக்கா என்று பார்க்கவேண்டும். போல்ற்றுகளை நடுவிலிருந்து வெளியே, கொஞ்சம் கொஞ்சமாக, முறைப்படி இறுக்கவேண்டும். இந்த எஞ்சினுக்கு எவ்வளவு இறுக்கவேண்டும் என்று கைநூலில் எழுதியிருக்கிறது. வால்வு இடைவெளி 0.010 அங்குலம். கொஞ்சம் ஓடினபிறகு ஹெட்டைத் திரும்ப இறுக்கி, வால்வையும் திரும்பச் சரிபார்க்கவேண்டும். டோர்க் ஸ்பனரைப் பற்றிக் கேட்டால், "என்ர கைக்குத் தெரியும்" என்கிறார்கள். முப்பது வருசம் வேலை செய்த கைக்கு நிறையத் தெரியும், அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு போல்ற் 50இலும் பக்கத்துப் போல்ற் 80இலும் நிற்கிறது எந்தக் கைக்கும் தெரியாது. காஸ்கற்றுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி குறுக்கிடுவார். "உதுக்கெல்லாம் ஏன் மினக்கெடுறியள்? பழசைத் தூக்கி எறிஞ்சுபோட்டு ஒரு ஜப்பான் எஞ்சின் இறக்குங்கோ." பொடிக்குப் புதுப் பெயின்ற், கலர் றிம், மேலே லைற் வரிசை, பொனற்றுக்குள்ளே எங்கிருந்தோ வந்த பாவித்த எஞ்சின். படம் எடுக்க நல்ல வடிவு. ஆனால் ஒன்று கேட்கிறேன்: அந்தப் பாவித்த எஞ்சினின் துளையை யார் அளந்தது? அதன் கிராங்கை யார் பார்த்தது? வெளியே கழுவிப் பெயின்ற் அடித்திருக்கிறது என்பதைத் தவிர அதைப்பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? தெரிந்த நோயாளியை விட்டுவிட்டுத் தெரியாத நோயாளியை வீட்டுக்குக் கொண்டுவருகிற வேலை. அதற்கு மேல் மவுண்டிங் வெட்டி ஒட்டவேணும், கியர்பெட்டிக்கு இடைத்தட்டு கடையவேணும், பழைய கியர்பெட்டி அந்த இழுவையைத் தாங்குமா என்று பார்க்கவேணும், பதிவில் எஞ்சின் இலக்கம் மாத்தவேணும். புளொக் வெடித்துவிட்டது, திருத்தவே ஏலாது என்றால் மாத்துவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அளந்து பார்த்து அந்த முடிவுக்கு வந்தவர்கள் எத்தனை பேர்?

"காசு எங்க இருக்கு?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. ஒழுங்காக ஒரு எஞ்சின் செய்ய நிறையக் காசு போகும், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்த ஒரு ஜீப், வன்னியில் வயலுக்கு உரமும் நெல்லும் ஏற்றுவது, நாலு வருசத்துக்குள் மூன்று தரம் றிங் போட்டது. மூன்று தரமும் காஸ்கற் செற், மூன்று தரமும் ஒயில், மூன்று தரமும் கூலி, மூன்று தரமும் வேலை இல்லாமல் நின்ற நாட்கள். நாலாவது தரம்தான் துளையை அளந்தார்கள். முதல் தரமே கடைந்திருக்கவேண்டிய துளை. அந்தக் குடும்பத்துக்கு நட்டக் கணக்கு எழுதிக்காட்ட ஒரு பொருளியலாளர் தேவையில்லை. மலிவு வேலைதான் ஏழைக்கு ஆக விலை கூடின வேலை.

இன்னொன்று. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி இல்லை என்று வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022இல் நாடு கடனைக் கட்டேலாது என்று கையை விரித்தது, நாங்கள் கியூஆர் அட்டையோடு பெற்றோலுக்கு வரிசையில் நின்றோம். தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்தது 2025இல்தான், அதுவும் சாதாரண ஆட்கள் கிட்ட நெருங்க முடியாத வரியோடு. இந்த ஐந்து வருசமும் ஒரு நாடே பழைய எஞ்சின்களின் மேல் ஓடியது. எஞ்சின் ஒழுங்காகச் செய்யத் தெரிந்த கைகளின் பெறுமதியை விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. கிடைத்தும் நாங்கள் செய்தது "சமாளிச்சிட்டம்" என்று நெஞ்சில் தட்டினதுதான்.

செய்த எஞ்சினை வைத்திருக்கிற விதமும் இதே நோய்தான். எஞ்சின் சூடாகுது என்றால் முதல் வேலை தேர்மோஸ்ரற்றைக் கழட்டி எறிவது. "எங்கட வெயிலுக்கு உது தேவையில்லை." அது குளிர்நாட்டுச் சாமான் இல்லை. எஞ்சின் தன் வேலைச் சூட்டுக்குக் கெதியாக வரவும், அங்கேயே நிற்கவும்தான் அது இருக்கிறது. சரியான சூட்டுக்கு வராத எஞ்சினில் எரிபொருள் ஒழுங்காக எரியாது, ஒயில் சேறாகும், சுவர் கெதியாகத் தேயும். சூடாகிறதுக்கு உண்மையான காரணம் பெரும்பாலும் ரேடியேற்றருக்குள்தான் இருக்கும். யாழ்ப்பாணத்துக் கிணறு சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கிறது. கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிறதை வீட்டில் எல்லாரும் பார்க்கிறோம். அதே தண்ணியை வருசக்கணக்காக ரேடியேற்றருக்குள் ஊற்றினால் அங்கே மட்டும் படியாதா? வன்னிக் கிரவல் ரோட்டுத் தூசி இன்னொரு கதை. பழைய லான்ட்ரோவரின் எயார் கிளீனருக்குள் ஒயில் தொட்டி இருக்கும், தூசி அதில்தான் பிடிபடும். கோடை காலத்தில் அதைக் கழட்டிக் கழுவாமல் ஓடுகிறது, சிலிண்டருக்குள் நேரே மண் அள்ளிப் போடுகிறதுக்குச் சமன். புதிதாகச் செய்த எஞ்சினுக்கு முதல் ஒயிலைக் கெதியாக மாத்தவேண்டும், ஏனென்றால் றிங் படியும்போது உதிர்கிற இரும்புத்தூள் முழுக்க அதில்தான் நிற்கும். ஒரு கலன் ஒயிலை மிச்சம் பிடித்து ஒரு கிராங்கை இழக்கிறது எந்தக் கணக்கு?

பிழையை முழுக்கக் கராஜ்காரர் தலையில் கட்டுவது லேசு. நான் அதைச் செய்யமாட்டேன். துளை அளக்கிற கருவி காசுக்கு வாங்கவேண்டிய சாமான். அளக்கிற நேரத்துக்கு யாரும் கூலி குடுப்பதில்லை. "ரெண்டு நாளில தரவேணும், இவ்வளவுதான் தருவன்" என்று சொல்லிவிட்டு வேலை சரியில்லை என்று ஊர் முழுக்கக் கதைத்துத் திரிகிறவர்களும் நாங்கள்தான்.

அங்கே நிற்கிற பெடியனைப் பாருங்கோ. ஓ.எல். சரிவரவில்லை என்று வீட்டில் கொண்டுபோய் விட்டிருப்பார்கள். இரண்டு வருசமாக மண்ணெண்ணெய்த் தட்டுக்குள் சாமான் கழுவுகிறான், தேத்தண்ணி வாங்கப் போகிறான். மைக்ரோமீற்றரை அவன் கையில் யாரும் குடுத்ததில்லை, ஏனென்றால் அந்தக் கராஜில் மைக்ரோமீற்றரே இல்லை. தசமம் வாசிக்கத் தெரியாது என்று பள்ளிக்கூடம் கைவிட்ட பெடியன் அவன். மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு எதற்கு என்பதை ஒரு பேரிங்கை வைத்துக் காட்டியிருந்தால் ஒரு பின்னேரத்தில் படித்திருப்பான். கிளிநொச்சி அறிவியல்நகரில் ஜேர்மன் உதவியோடு 2016இல் திறந்த தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது, வாகனத் தொழில்நுட்பமும் படிப்பிக்கிறார்கள். ஆனால் எங்கட வீடுகளில் அது இன்னமும் "கம்பஸ் கிடைக்காட்டி" போகிற இடம். எஞ்சின் ஒன்றைச் சரியாகச் செய்கிறவனுக்குப் பொம்பிளை குடுக்க யோசிக்கிற சமூகம், தன் வாகனம் மட்டும் புகைக்காமல் ஓடவேணும் என்று எதிர்பார்க்கிறது.

தடைக்கால ஆட்களுக்கும் நாங்கள் நியாயம் செய்யவில்லை. மண்ணெண்ணெய் முழுதாக எரியாது என்று அவர்களுக்குத் தெரியும். எரியாத மண்ணெண்ணெய் சுவரில் இருக்கிற ஒயிலைக் கழுவி, கீழே இறங்கி, சம்பில் இருக்கிற ஒயிலையும் தண்ணியாக்கும் என்றும் தெரியும். ஒவ்வொரு கிலோமீற்றரும் எஞ்சினைத் தின்றுதான் ஓடுகிறோம் என்று தெரிந்துகொண்டு, வேறு வழியில்லாமல், காயக்காரரையும் பிள்ளைத்தாச்சியையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆட்கள் அவர்கள். அவர்களிடம் டோர்க் ஸ்பனரும் புதுப் பேரிங்கும் இருந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பார்களா? அவர்களுடைய கதியை எங்கட பாணியாக மாத்தி வைத்திருப்பது பெருமை இல்லை, அவமரியாதை.

ஆகவே கேட்கவேண்டியதைக் கேட்போம். அடுத்த தரம் ஜீப்போ, லொறியோ, அப்பாவின் பழைய காரோ, எஞ்சின் வேலைக்குக் குடுக்கும்போது ஒரு கடதாசியும் குடுங்கோ. ஒவ்வொரு சிலிண்டரும் என்ன அளவு, கிராங்க் என்ன அளவு, எந்த அளவுப் பிஸ்டனும் பேரிங்கும் போட்டது, றிங் இடைவெளி எவ்வளவு, ஹெட் எவ்வளவுக்கு இறுக்கினது. இதை எழுதிக் கையெழுத்து வைத்துத் தரச் சொல்லுங்கோ. அளக்க எடுக்கிற நேரத்துக்குத் தனியாகக் காசு குடுங்கோ. அந்த எண்களை அங்கே நிற்கிற பெடியனைக் கொண்டே எழுதுவியுங்கோ. கடதாசியை வாகனப் பதிவுப் புத்தகத்தோடு வைத்திருங்கோ. பத்து வருசத்துக்குப் பிறகு அந்த எஞ்சினைத் திறக்கிறவருக்கு அது தேவைப்படும்.

"எழுதித் தரேலாது" என்று சொல்கிற இடத்தில் வண்டியை விடாதேங்கோ. எழுதித் தருகிற ஒரு கராஜ் ஊருக்குள் இருந்தால், பத்துப் பேருக்குச் சொல்லுங்கோ.